தோழி விற்ற ஊட்டச்சத்துப் பொடியும் அதனோடு வந்த தொழில் அழைப்பும்: எட்டு மாத அனுபவத்தின் மதிப்பீடு

பல அடுக்கு விற்பனை முறையில் இயங்கும் ஒரு நிறுவனத்தின் ஊட்டச்சத்துப் பொடியை எட்டு மாதங்கள் வாங்கிப் பயன்படுத்தினேன். அதே நிறுவனத்தின் இரண்டு கூட்டங்களுக்கும் போய், தொடக்கம் முதல் முடிவு வரை அமர்ந்து கேட்டேன். பொருளை எனக்கு விற்றவள், கல்லூரி விடுதியில் மூன்று ஆண்டுகள் என்னுடன் ஒரே அறையில் இருந்த என் தோழி. அதனால் பொடியின் தரத்தை மட்டும் எழுதி நிறுத்திக்கொண்டால் இந்த மதிப்பீடு பாதியில் நின்றுவிடும். பொடி, கூட்டம், வருமானத் திட்டம், பொருளைத் திருப்பித் தரும் வசதி ஆகியவற்றோடு, நட்பின் வழியாக வரும் விற்பனையை நட்பு முறியாமல் எப்படி மறுப்பது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். இதே சங்கடத்தில் இப்போது இருப்பவர்களை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

பொடியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்: அது மோசமான பொருள் அல்ல. பாலில் கட்டி தட்டாமல் கரைகிறது, வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறது, தயாரிப்பு எண்ணும் காலாவதித் தேதியும் டப்பாவின் அடியில் தெளிவாக அச்சாகியிருக்கின்றன. மூன்றாவது மாதத்தில் ஒரு நாள், மருந்துக் கடையில் கிடைக்கும் சாதாரணப் புரதப் பொடி ஒன்றை வாங்கிவந்து, இரண்டு டப்பாக்களையும் மேசையில் அருகருகே வைத்து, அவற்றின் மேல் ஒட்டியிருந்த விவரங்களை வரிக்கு வரி ஒப்பிட்டேன். இரண்டிலும் முதல் மூலப்பொருள் சோயாப் புரதமே. நூறு கிராமுக்கு எவ்வளவு புரதம் என்று பார்த்தால் கடைப் பொடிதான் சற்று முன்னால் நின்றது. தோழி தந்ததில் கூடுதலாக இருந்தவை சில வைட்டமின்களும் ஒரு மணமூட்டியும் மட்டுமே. விலையோ ஏறத்தாழ மூன்று மடங்கு.

இந்த விலைக்குக் கூட்டத்தில் ஒரு விளக்கம் தந்தார்கள்: கடை வாடகை இல்லை, விளம்பரச் செலவு இல்லை, இடைத்தரகர் இல்லை, ஆகவே உயர்ந்த தரத்தை நேரடியாகக் கையில் தருகிறோம் என்றார்கள். அந்தச் செலவுகள் இல்லையென்றால் விலை குறைந்திருக்க வேண்டும். குறையாததன் காரணம், விலையில் கணிசமான ஒரு பகுதி விற்றவருக்கும், அவரைச் சேர்த்துவிட்டவருக்கும், அவருக்கும் மேலே இருப்பவர்களுக்கும் கமிஷனாகப் பிரிந்து போவதுதான். ஓர் இடைத்தரகரை நீக்கிவிட்டு அந்த இடத்தில் பல அடுக்கு இடைத்தரகர்களை உட்கார வைத்திருக்கிறார்கள். நான் டப்பா ஒன்றை வாங்கும்போது, முகம் தெரியாத எத்தனையோ பேருக்குப் பங்கு கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பொடியைவிட என்னைக் கவலைக்குள்ளாக்கியது, பொடியைப் பற்றி வாய்வழியாகச் சொல்லப்பட்டவை. டப்பாவின் மேல் எந்த நோயையும் குணமாக்கும் என்று ஒரு சொல்லும் இல்லை. மருந்துக்கு மாற்றாகக் கொள்ளக் கூடாது என்றே சிறிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஆனால் மேடையேறிய ஒருவர், இதைக் குடிக்கத் தொடங்கியதிலிருந்து சர்க்கரை நோய்க்கான மாத்திரையை நிறுத்திவிட்டதாகச் சொன்னபோது அரங்கமே கைதட்டியது. அச்சில் வராததை ஆள்வழியாகப் பரப்புவதால், நாளைக்கு யாருக்காவது உடம்பு கெட்டால் பொறுப்பேற்க எவரும் இருக்கமாட்டார்கள். 2020 ஏப்ரலில், கொரோனாவைத் தடுக்கும், குணமாக்கும் என்ற பேச்சுகளுக்காகப் பல அடுக்கு விற்பனை நிறுவனங்கள் சிலவற்றுக்கு அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் எச்சரிக்கைக் கடிதங்கள் அனுப்பியது. அந்த நிறுவனங்கள் சொன்னவற்றுக்கு மட்டுமல்லாமல், அவற்றின் விற்பனையாளர்கள் சொன்னவற்றுக்கும் சேர்த்தே அந்த எச்சரிக்கை. உங்கள் நண்பர் எத்தனை நல்லவராக இருந்தாலும், அவர் சொல்வதைக் கேட்டு மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். என் அம்மாவிடம் தோழி இதே பேச்சை எடுத்தபோது நான் உடனே குறுக்கிட்டேன். அந்த ஓர் இடத்தில் மட்டும் நட்புக்காகப் பொறுமை காப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இனி கூட்டம். எனக்கு வந்த அழைப்பில் கூட்டம் என்ற சொல்லே இல்லை. "ஒருத்தரை உனக்கு அறிமுகப்படுத்த வேண்டும், ஒரு மணி நேரம் ஒதுக்கு, மற்றதை நேரில் சொல்கிறேன்" என்றுதான் தோழி சொன்னாள். என்ன விஷயம் என்று இரண்டு முறை கேட்டும் பதில் வரவில்லை. இப்படிச் சொல்லாமல் அழைத்துவரும்படி அவளுக்குப் பயிற்சி தந்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஏனென்றால் விஷயத்தைச் சொன்னால் பாதிப் பேர் வரமாட்டார்கள். என்னிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லாத ஒருத்தியை மறைக்க வைத்த அந்தப் பயிற்சியே, இந்த அனுபவத்தில் எனக்கு மிகுந்த வருத்தம் தந்த பகுதி. அரங்கில் நாற்காலிகள் நெருக்கமாகப் போடப்பட்டிருந்தன. என் இருபுறமும் ஏற்கெனவே சேர்ந்தவர்கள் அமர்ந்து, பேசுபவர் எந்த இடத்தில் நிறுத்தினாலும் கைதட்டினார்கள். இரண்டு மணி நேரத்தில் பொடியைப் பற்றிப் பேசியது கால் மணி நேரம்கூட இராது. மீதி நேரமெல்லாம் வேலையை விட்டவர்கள், கார் வாங்கியவர்கள், வெளிநாடு போய்வந்தவர்கள் ஆகியோரின் கதைகள். எத்தனை பேர் சேர்ந்து அதில் எத்தனை பேர் அப்படி ஆனார்கள் என்று நான் எழுந்து கேட்டேன். கூட்டம் முடிந்ததும் தனியாகப் பேசலாம் என்றார்கள். முடிந்ததும், கேள்வி கேட்பவர்கள் ஜெயிப்பதில்லை என்ற அறிவுரை மட்டும் கிடைத்தது.

சேர்ந்தவருக்குக் கொடுக்கப்படும் முதல் வேலை, தெரிந்தவர்களில் நூறு பேரின் பெயர்களை எழுதுவது. தோழியின் நோட்டை ஒரு நாள் தற்செயலாகப் பார்க்க நேர்ந்தது. மூன்றாவது வரியில் என் பெயர் இருந்தது. பெயருக்கு எதிரே 'தேவை' என்று ஒரு கட்டம். அதில் 'வீட்டுக் கடன், அம்மா மருத்துவச் செலவு' என்று அவளுடைய சாய்ந்த எழுத்தில் எழுதியிருந்தது. என் கடனைப் பற்றி, தூக்கம் வராத ஓர் இரவில் அவளிடம் தொலைபேசியில் சொல்லி அழுதிருந்தேன். அதை அவள் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை என்பதை இன்றும் நம்புகிறேன். இந்தத் தொழில் என் கடனை அடைக்க உதவும் என்று அவள் உண்மையாகவே நினைத்தாள். ஆனாலும் அந்தக் கட்டத்தைப் பார்த்தபோது உடம்பு ஒரு கணம் குளிர்ந்துபோனது. பொடியின் விலை மூன்று மடங்கு என்பதை எளிதில் கணக்கிட்டுவிட்டேன். இந்தக் கட்டத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

வருமானத் திட்டத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். என் தோழி சேர்ந்தது இரண்டு கால் திட்டம். லெஃப்ட், ரைட் என்று சொல்வார்கள். உங்களுக்குக் கீழே இடது பக்கம் ஒருவர், வலது பக்கம் ஒருவர்; அவர்கள் ஒவ்வொருவருக்கும் கீழே இரண்டிரண்டு பேர்; இப்படியே போகும். இரு பக்க விற்பனைப் புள்ளிகளும் ஜோடி சேர்ந்தால்தான் கமிஷன். ஒரு பக்கம் எவ்வளவு ஓடினாலும் மறுபக்கம் காலியாக இருந்தால் பணம் வராது. ஜோடி சேராத புள்ளிகள் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு ஃப்ளஷ் ஆகிவிடும், அதாவது அழிந்துவிடும். அதற்கு மேல், ஐ.டி. (உறுப்பினர் எண்) உயிரோடு இருக்க மாதாமாதம் குறைந்தபட்ச அளவுக்குச் சொந்தமாகவே பொருள் வாங்க வேண்டும். "இரண்டே இரண்டு பேரைச் சேர்த்தால் போதும்" என்று மேடையில் சொல்வது இதைத்தான்.

இரண்டு பேர் என்பது கேட்க எளிதாக இருக்கிறது. பத்தாவது அடுக்கில் 1,024 பேர், இருபதாவது அடுக்கில் பத்து லட்சத்துக்கு மேல், முப்பதாவது அடுக்கில் நூற்றேழு கோடி, முப்பத்து மூன்றாவது அடுக்கில் ஏறத்தாழ 859 கோடி. உலகத்தின் மொத்த மக்கள்தொகையே அதைவிடக் குறைவு. இந்தக் கணக்கைச் சொன்னால், அவ்வளவு தூரம் யாரும் போகப்போவதில்லை என்று பதில் வரும். அதனால் நான் வேறொரு கணக்கைத்தான் தோழியிடம் வரைந்து காட்டினேன். இந்த மரம் எந்த அடுக்கில் நின்றாலும், முழுமையாக நிரம்பியிருந்தால்கூட, அதில் உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கடைசி அடுக்கில் இருப்பார்கள். அவர்களுக்குக் கீழே ஒருவரும் இல்லை. கடைசி மூன்று அடுக்குகளைச் சேர்த்தால் எட்டில் ஏழு பங்கினர் அங்கேதான். ஆக, தனக்குக் கீழே மூன்று அடுக்குகளைக் காண்பவர் எட்டில் ஒருவர் மட்டுமே. இதில் சோம்பேறித்தனத்துக்கோ உழைப்புக்கோ இடமே இல்லை. எல்லாரும் இரவு பகலாக உழைத்தாலும் மரத்தின் வடிவம் அப்படித்தான் இருக்கும். தோற்றவர்களைப் பார்த்து முயற்சி போதவில்லை என்று சொல்வது இந்தக் காரணத்தால்தான் எனக்குக் கொடுமையாகத் தோன்றுகிறது.

பொது ஆவணங்களும் இதற்கு மாறாக எதையும் காட்டவில்லை. 1979இல் ஆம்வே வழக்கில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் அந்த நிறுவனம் பிரமிடு மோசடி அல்ல, அதாவது பொருள் விற்பனையைவிட ஆள் சேர்ப்பதற்கே பணம் தரும் திட்டம் அல்ல, என்று தீர்ப்பளித்தது. பல அடுக்கு விற்பனையாளர்கள் இன்றும் அந்தத் தீர்ப்பைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் அதற்கு ஆணையம் கூறிய காரணங்களைச் சொல்வதில்லை. விற்காத பொருளைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும், மாதம் வாங்கியதில் குறைந்தது எழுபது சதவீதத்தை விற்றிருக்க வேண்டும், மாதத்துக்குப் பத்து வெளி வாடிக்கையாளர்களுக்காவது விற்றிருக்க வேண்டும் என்ற விதிகள் அங்கே இருந்தன என்பதே காரணம். அதே தீர்ப்பு, வருமானத்தை மிகைப்படுத்திச் சொன்னதற்காக அந்த நிறுவனத்தைக் கண்டிக்கவும் செய்தது. என் தோழிக்கு வெளி வாடிக்கையாளர் என்று சொல்லக்கூடியவர்கள் நான், அவளுடைய அக்கா, பக்கத்து வீட்டு அம்மா ஆகிய மூவர்தான். மூவரும் பொடிக்காக வாங்கவில்லை, அவளுக்காக வாங்கினோம்.

2016இல் ஹெர்பாலைஃப் நிறுவனம் அதே ஆணையத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டில் இருபது கோடி டாலர் செலுத்தியதோடு, ஆள் சேர்ப்பை விட்டு உண்மையான சில்லறை விற்பனையை அடிப்படையாகக் கொண்டு கமிஷன் தரும்படி தன் முறையையே மாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டது. 2019இல் அட்வோகேர் நிறுவனம் பதினைந்து கோடி டாலர் செலுத்தி, பல அடுக்கு முறையை அடியோடு கைவிட்டது. 2024இல் ஆணையத்தின் அலுவலர்கள், எழுபது நிறுவனங்கள் தாங்களே வெளியிட்ட வருமான அறிக்கைகளைப் படித்து ஓர் அறிக்கை தந்தார்கள்: அவற்றில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்டுக்கு ஆயிரம் டாலரோ அதற்கும் குறைவாகவோதான் பெற்றிருக்கிறார்கள், அந்தத் தொகையிலும் அவர்கள் செய்த செலவுகள் பெரும்பாலும் கழிக்கப்படவில்லை. இந்தியாவில் 2021இல் வந்த நேரடி விற்பனை விதிகளும் பிரமிடு திட்டங்களைத் தடைசெய்கின்றன. ஆகவே "இது சட்டப்படியானது" என்று நண்பர் சொன்னால், வெளி வாடிக்கையாளர்களுக்கு எவ்வளவு விற்கிறீர்கள், விற்காததை நிறுவனம் திரும்ப எடுத்துக்கொள்கிறதா என்ற இரண்டை மட்டும் கேளுங்கள்.

இனி மறுக்கும் விதம். இதில் நான் முதலில் செய்தது பெரிய தவறு. அந்தத் தவறுதான் எட்டு மாதம் நீடித்தது. முகதாட்சண்யத்துக்காக மாதம் ஒரு டப்பா வாங்கினேன். நட்புக்காக ஒரு சிறு தொகை போனால் போகட்டும் என்று நினைத்தேன். ஆனால் நான் வாங்கிய ஒவ்வொரு டப்பாவும் தோழியின் கணக்கில், தொழில் நடக்கிறது என்பதற்குச் சான்றாகப் பதிவானது. அவளுடைய சீனியர் அதைக் காட்டித்தான் "பார், உனக்கு வாடிக்கையாளர் இருக்கிறார், இன்னும் ஆறு மாதம் பொறு" என்று சொல்லியிருக்கிறார். அவள் அதிலிருந்து வெளியே வந்திருக்க வேண்டிய மாதங்களில், உள்ளேயே இருக்கும்படி தாங்கிப் பிடித்தது என்னுடைய கருணைதான். உதவி என்று நினைத்து வாங்குபவர்கள் இதை ஒரு முறை யோசித்துப் பார்க்க வேண்டும். நண்பருக்கு உண்மையிலேயே பணத் தேவை இருந்தால், பணமாகவே கொடுங்கள். மூன்று மடங்கு விலைப் பொருளை வாங்கினால் நீங்கள் தருவதில் சிறு பகுதிதான் அவர் கைக்குப் போகும்.

இரண்டாவது தவறு, "பார்க்கலாம்", "யோசித்துச் சொல்கிறேன்" என்று சொன்னது. நம் பேச்சு வழக்கில் "பார்க்கலாம்" என்றால் வேண்டாம் என்று பொருள் என்பது யாருக்கும் தெரியும். தோழிக்கும் தெரியும். ஆனால் பயிற்சியில் அதைப் பாதிச் சம்மதமாக எடுத்துக்கொண்டு மூன்று நாட்களுக்கு ஒரு முறை ஃபாலோ அப் செய்யச் சொல்லியிருந்தார்கள். நேரமில்லை என்றால் அரை மணி நேரம் போதும் என்றும், பணமில்லை என்றால் அதற்குத்தானே இந்தத் தொழில் என்றும், பேசத் தெரியாது என்றால் பயிற்சி தருவோம் என்றும் தயாராக விடை வைத்திருக்கிறார்கள். காரணம் சொன்னால் அந்தக் காரணத்தோடு வாதம் தொடங்கிவிடும். ஆகவே காரணம் சொல்லாமல் மறுப்பதே நல்லது என்ற முடிவுக்கு வந்தேன்.

ஒன்பதாவது மாதம் நேரில் போய்ச் சொன்னேன்: "இந்தத் தொழிலில் நான் சேரமாட்டேன். இனிமேல் பொருளும் வாங்கமாட்டேன். இன்றைக்கு மட்டும் இல்லை, எப்போதுமே. இதைப் பற்றி என்னிடம் பேச வேண்டாம். மற்றபடி நீ எப்போது கூப்பிட்டாலும் எடுப்பேன், எப்போது வேண்டுமானாலும் வா." அவள் முகம் வாடியது. "நீயே எனக்குத் துணை நிற்கவில்லை என்றால் வேறு யார் நிற்பார்கள்?" என்று கேட்டாள். துணை நிற்பேன், இதற்கு மட்டும் நிற்கமாட்டேன் என்றேன். உன் அலுவலகமும் ஒரு பிரமிடுதானே, மேலே இருப்பவருக்குத்தானே அதிகம் என்று அவள் கேட்டபோது, வேலை பார்ப்பதற்காக நான் மாதாமாதம் அலுவலகத்துக்குப் பணம் கட்டுவதில்லை என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் வாதாடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல நானே அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். அவள் எடுக்கவில்லை. அதற்கடுத்த வாரமும் கூப்பிட்டேன்.

இந்த விடாமுயற்சிக்கு ஒரு காரணம் உண்டு. சேர மறுப்பவர்களை எதிர்மறை எண்ணம் கொண்டவர்கள் என்று முத்திரை குத்தி, அவர்களிடமிருந்து விலகியிருக்கும்படி கூட்டங்களில் வெளிப்படையாகவே சொல்லித்தருகிறார்கள். நாமும் எரிச்சலில் விலகிவிட்டால், அவர்கள் சொன்னது பலித்ததாகிவிடும். கடைசியில் நண்பரைச் சுற்றி அந்தக் குழுவினரைத் தவிர ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். வெளியே வர நினைக்கும் நாளில் அவருக்குப் பேச ஆள் வேண்டும். ஏமாந்துவிட்டாய் என்று சொல்பவரிடம் யாரும் போய்ப் பேசமாட்டார்கள். ஏளனமும் வேண்டாம், பொது இடத்தில் கேலியும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான்கு மாதம் கழித்து அவளே வந்தாள். அன்று அவளுடைய வரவு செலவை ஒரு வெள்ளைத்தாளில் எழுதினோம். நான் எதையும் சொல்லவில்லை. எண்களை அவளே சொல்லி அவளே எழுதினாள். வந்த கமிஷன் எல்லாமே அவளுக்கு நினைவிருந்தது. ஐ.டி. உயிரோடு இருக்க வாங்கிய பொருள், கூட்டங்களுக்கான நுழைவுச் சீட்டு, பயணச் செலவு, மாதிரியாகக் கொடுத்த பொட்டலங்கள் ஆகியவற்றைத்தான் அதுவரை ஒரு நாளும் கழித்துப் பார்த்ததில்லை. அவற்றை முதலீடு என்று சொல்லிப் பழக்கியிருந்தார்கள். கழித்துப் பார்த்தபோது, பதினைந்து மாதங்களில் ஒரே ஒரு மாதம்தான் கையில் மிச்சம் இருந்தது. அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். நானும் பேசவில்லை.

பொருளைத் திருப்பித் தரும் வசதி இருக்கிறது, பயன்படுத்துவது எளிதல்ல. முத்திரை உடையாத டப்பாக்களுக்கு மட்டும், வாங்கிய பில்லும் தயாரிப்பு எண்ணும் இருந்தால், கையாளும் செலவு என்று ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டு தந்தார்கள். அவளிடம் இருந்த பதினான்கு டப்பாக்களில் ஒன்பதுக்குத்தான் பில் இருந்தது. மேலே உள்ளவர் வழியாக வந்தால்தான் பரிசீலிப்போம் என்று முதலில் தொலைபேசியில் சொன்னார்கள். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு நிபந்தனை இல்லை என்பதைப் பக்க எண்ணோடு குறிப்பிட்டு நேரடியாக மின்னஞ்சல் அனுப்பிய பிறகுதான் ஏற்றுக்கொண்டார்கள். பணம் வந்து சேர ஏழு வாரங்கள் ஆயின. சேரும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் நகல், எல்லா பில்கள், அனுப்பிய மின்னஞ்சல்கள் ஆகியவற்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும்படி உங்கள் நண்பரிடம் இன்றே சொல்லுங்கள். சேர்ந்து சில நாட்களே ஆகியிருந்தால், எத்தனை நாளுக்குள் விலகினால் முழுப் பணமும் திரும்பும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்பதையும் அவரோடு உட்கார்ந்து தேடிப்பாருங்கள்.

தோழியின் ஐ.டி. இன்னும் நீக்கப்படவில்லை. அவளுக்குக் கீழே அவள் சேர்த்துவிட்ட இருவர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் அவளுடைய அக்கா. போன ஞாயிற்றுக்கிழமை அதே வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு அக்காவின் வீட்டுக்குப் போயிருந்தாள்.